கேட்டமைன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஹிப்னாசிஸ்: பெரம்பூர் சேவை ஒன்றின் மதிப்பீடு

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முதல் மாடியில், இரண்டே அறைகளில் நடக்கிறது இந்தச் சேவை. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை. நடத்துபவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண் வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. இங்கே மருந்து எதுவும் கொடுப்பதில்லை. தீராத மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் கேட்டமைன் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களை ஹிப்னாசிஸ் வழியாக முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். ட்ரிப்ஸ் முடிந்த பிறகு, அதில் கண்டதையும் உணர்ந்ததையும் நிதானமாக எடுத்துப் பார்க்க உதவுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்தயாரிப்பு செஷன்களுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பின்னால் வரும் செஷன்களும் நன்று. மருந்து உடம்பில் இருக்கும்போது இவர்கள் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்பதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். 'ஆழ்மன நினைவு மீட்பு' என்று தனியாக ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள், அதை மட்டும் வாங்க வேண்டாம். காரணம் கீழே.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மனநலச் சிகிச்சைக்காகப் பேசப்படும் மற்ற போதை மருந்துகளான எல்.எஸ்.டி., காளானில் இருக்கும் சைலோசைபின், எம்.டி.எம்.ஏ. மூன்றும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சிலருக்கு எம்.டி.எம்.ஏ.வும் சைலோசைபினும் எழுதித் தரலாம். அமெரிக்காவில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கான விண்ணப்பத்தை 2024 ஆகஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு டாக்டர் சட்டப்படி கையில் எடுக்கக்கூடியது கேட்டமைன்தான். அது 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து. இங்கே மருந்து விற்பனை விதிகளின் கடுமையான பட்டியலான ஷெட்யூல் எக்ஸ் பிரிவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கொடைக்கானல் காளானோடு ஹிப்னாசிஸ் செய்து தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால், அங்கே போலீஸ் தொல்லை மட்டுமல்ல, பி.பி. பார்க்கக்கூட ஆள் இருக்காது என்பதையும் யோசியுங்கள். இந்தப் பெரம்பூர் சேவை அப்படிப்பட்ட விசாரிப்புகளை வாசலிலேயே மறுத்துவிடுகிறது.

கேட்டமைன் எல்.எஸ்.டி. வகையறா அல்ல. மூளையில் நரம்புச் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியைத் தடுக்கிற மருந்து அது. மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி., 40 நிமிடத்தில். 60 கிலோ உள்ளவருக்கு 30 மி.கி. மயக்கம் போட ஒரே தடவையில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. ஏற்றுவார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனாலும் அந்த 40 நிமிடத்தில் உடம்பு விலகிப் போனது போலவும், நேரம் நீண்டுவிட்டது போலவும் தோன்றும். இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். மனச்சோர்வு இறங்குவது சில மணி நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும், ஒரு ட்ரிப்ஸின் பலன் ஒரு வாரத்துக்குள் மங்கத் தொடங்கும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் ஆறு தடவை போடுவது வழக்கமாகியிருக்கிறது.

இதில் ஹிப்னாசிஸுக்கு என்ன வேலை? உடம்பு விலகுகிற அந்த நேரத்தில் பயந்து எதிர்த்தால் அனுபவம் கொடூரமாகிவிடுகிறது. விட்டுக்கொடுத்துப் போகப் பழகியவருக்கு அதே அனுபவம் தாங்கக்கூடியதாகிறது. எதிர்க்காமல் இருப்பதை மருந்து ஏறிய பிறகு சொல்லிக் கொடுக்க முடியாது. முன்னாலேயே உடம்புக்குப் பழக்கியிருக்க வேண்டும். ஹிப்னாசிஸ் செய்யக்கூடியது அந்தப் பழக்கத்தைத்தான்.

இதைத் தாண்டி, இரண்டையும் சேர்த்தால் பலன் பன்மடங்கு என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. 1960-களில் அமெரிக்காவில் லெவின், லட்விக் என்ற இரு மருத்துவர்கள் எல்.எஸ்.டி.யையும் ஹிப்னாசிஸையும் ஒன்றாகக் கொடுத்து 'ஹிப்னோடெலிக்' என்று பெயர் வைத்தார்கள். போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் முதலில் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை தந்தன. பிறகு குடிநோயாளிகள் 176 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து, லட்விக் குழுவே பெரிய ஆய்வு நடத்தியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எந்தப் பிரிவும் மற்றதைவிட மேலாக இல்லை. இந்த விவரத்தைப் பெரம்பூர்க்காரர்கள் தங்கள் துண்டுப்பிரசுரத்திலேயே அச்சடித்துத் தருகிறார்கள். தன் சரக்குக்கு எதிரான ஆய்வை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற இடத்தை நம்பலாம்.

அதே பிரசுரத்தில் இன்னொரு ஆய்வும் இருக்கிறது. 2015-இல் லண்டன் ஆய்வாளர்கள், ஆரோக்கியமான பத்துப் பேருக்கு எல்.எஸ்.டி. கொடுத்து, பிறர் சொல்வதைக் கேட்டுக் கற்பனை செய்யும் திறன் ஏறுவதை அளந்தார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது சொல்லப்படும் வார்த்தை ஆழமாக இறங்குகிறது என்பது இதன் சாரம். இதை வாய்ப்பாகவும் பார்க்கலாம், ஆபத்தாகவும் பார்க்கலாம். இந்தச் சேவை ஆபத்தாகப் பார்க்கிறது. அது சரி.

முதல் செஷன் 90 நிமிடம். முதல் அரை மணி நேரம் கேள்விகள்தான். குடும்பத்தில் யாருக்காவது மனப்பிறழ்வு உண்டா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகத்தில் சில நாள் இருந்திருக்கிறீர்களா, பி.பி. எவ்வளவு, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா, கர்ப்பமா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள். மனநல மருத்துவரின் கடிதம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. தூக்க மாத்திரை அல்லது பதற்றத்துக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம், கேட்டமைனின் பலனை அது குறைக்கலாம் என்று சொல்லி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறார்கள். அப்படித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்தது, ஹிப்னாசிஸ் உங்களுக்கு எவ்வளவு எடுபடும் என்ற சோதனை. இதை அளக்கப் பயன்படும் ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலின் சி படிவத்தில் 12 அம்சங்கள் உண்டு, முழுதும் செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இங்கே மூன்றை மட்டும் எடுத்துச் செய்கிறார்கள்: நீட்டிய கை கனத்துத் தாழ்வது, எதிரெதிராக வைத்த இரு கைகள் தானாக விலகுவது, இல்லாத கொசு கையில் உட்கார்வது. சுருக்கிய வடிவத்தில் மதிப்பெண் கறாராக இருக்காது, ஆனால் திசை தெரியும். மாலை நேர அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள். பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஐந்து மணிக்கு மேல் அறைக்குள் நிஜக் கொசுவே இருக்கும், மூன்றாவது சோதனை செல்லாது. மக்களில் சுமார் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேருக்கு மிக நன்றாகவும், அதே அளவு பேருக்கு மிகக் குறைவாகவும் எடுபடும், மற்றவர்கள் நடுவில். குறைவாக எடுபடுகிறவர்களிடம் "ஹிப்னாசிஸ் செஷனை வாங்காதீங்க, வெறும் கவுன்சிலிங்கே போதும், அதுக்குக் காசும் கம்மி" என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து வருவதுதான் இந்தச் சேவையில் மிகவும் யோசித்துச் செய்த பகுதி. சாதாரண ஹிப்னாசிஸில் படிக்கட்டில் இறங்குவது போல இருபதிலிருந்து ஒன்றுவரை எண்ணி ஆழப்படுத்துவார்கள், அல்லது காலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளரவிடச் சொல்வார்கள். கேட்டமைன் நாளில் இந்த இரண்டுமே பழுதாகும். இந்த மருந்து சற்று முன் நடந்ததை மனதில் பிடித்து வைக்கும் திறனையே குலைக்கிறது. பதினான்கு வந்ததா பன்னிரண்டா என்று தெரியாமல் போனவுடன், 'எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்ற பயம் ஏறும். உறுப்புகளைத் தளரவிடச் சொன்னாலோ, உறுப்பே இல்லாதது போலத் தோன்றும்போது எதைத் தளரவிடுவது? பல இடங்களில் சொல்லித்தரும், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அழுத்திப் பிடித்து அமைதியை வரவழைக்கும் உத்தியும் அன்றைக்கு வேலை செய்யாது. கேட்டமைன் வலியையும் தொடுவுணர்வையும் மரத்துப் போகச் செய்கிற மருந்து. விரல் அழுத்தியதே தெரியாது.

அதனால் இங்கே காதை நம்புகிறார்கள். ஒரே ஒரு வாக்கியம், ஒரே ஓர் இசை. வாக்கியத்தை வாடிக்கையாளரே தன் வாயால் பேசுகிற தமிழில் சொல்ல வேண்டும். 'இது வரும், போயிடும்', 'நான் இங்கதான் கீறேன்', 'விட்டுடு, பாத்துக்கலாம்' போன்றவை நன்றாக வேலை செய்கின்றன. புத்தகத் தமிழ் அந்த நேரத்தில் யாரோ மேடையில் பேசுவது போலக் கேட்கும். 'பயம் இல்லை' மாதிரியான வாக்கியங்களை எடுக்க விடுவதில்லை, ஏனென்றால் மயங்கிய மனசு 'பயம்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஹிப்னாசிஸ் நிலைக்குப் போய், அமைதி நன்றாக ஊன்றிய சமயத்தில், மெல்லிய குரலில் அந்த வாக்கியத்தையும் அந்த இசையையும் சேர்க்கிறார்கள். பிறகு வீட்டில் தினமும் காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம். ஒரு வாரமாவது செய்தால்தான் ஒட்டும். நாளைக்கு ட்ரிப்ஸ், இன்றைக்கு வந்தேன் என்றால் திருப்பி அனுப்புகிறார்கள், அல்லது தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

இசைத் தேர்விலும் அனுபவம் தெரிகிறது. வரிகள் உள்ள பாட்டே கூடாது. சினிமாப் பாட்டு எதைப் போட்டாலும் அதோடு ஒட்டிய கல்லூரி, காதல், சண்டை எல்லாம் எழுந்து வந்துவிடும். நாதஸ்வரமும் வேண்டாம் என்கிறார்கள், விவாகரத்தில் இருக்கிறவருக்குக் கல்யாண மண்டபம் வேண்டியதில்லை. வீணை அல்லது புல்லாங்குழலில் தாளமில்லாத ராக ஆலாபனைதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். நீளம் குறைந்தது 60 நிமிடம். ட்ரிப்ஸ் 40 நிமிடம்தான் என்று 40 நிமிட இசை எடுத்தால், மருந்து உச்சத்தில் இருக்கும்போது இசை நின்று போகும். யூடியூபில் ஓட விடக்கூடாது, நடுவில் விளம்பரம் வரும். ஃபைலாக இறக்கி, ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, வழக்கத்தில் கேட்கும் சத்தத்தில் பாதியாக வைக்க வேண்டும். மருந்து ஏறினால் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

வடசென்னையில் அமைதியான அறை கிடைப்பது கஷ்டம். இந்த மாடிக்கு நேர் கீழே வெல்டிங் கடை, சற்றுத் தள்ளி ரயில்வே லைன், மெயின் ரோட்டில் பஸ் ஹாரன். அறைக்கு ஃபோம் அடித்திருக்கிறார்கள், பாதிதான் அடங்குகிறது. அதையும் பயிற்சிக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறார் சைக்காலஜிஸ்ட். ரயில் ஊதினால் நிறுத்துவதில்லை. "வெளிய கேக்கற சத்தம் எதுவா இருந்தாலும் வரட்டும், போகட்டும், ஒவ்வொரு சத்தமும் உங்கள இன்னும் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போகட்டும்மா" என்று அதே தொனியில் தொடர்கிறார். ஆஸ்பத்திரியிலும் ஸ்ட்ரெச்சர் சத்தமும் மானிட்டர் ஒலியும் இருக்கத்தான் போகிறது, பூரண நிசப்தத்தில் பழகினால் அங்கே உடையும். அந்த வகையில் வெல்டிங் கடை உதவியே செய்கிறது என்று சொல்லலாம், ஆனால் கிரைண்டர் ஓடுகிற காலை பதினொன்று முதல் ஒரு மணி வரையிலான நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

ட்ரிப்ஸ் நாளில் கூடவே மருத்துவமனைக்கு வந்து உட்காரும் வசதி உண்டு. அங்கே பொறுப்பு முழுக்க மனநல மருத்துவருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும்தான். ஆறு மணி நேரத்துக்குத் திட உணவு கூடாது, தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. விரலில் ஆக்சிஜன் கிளிப், கையில் பி.பி. பட்டை. மேல் பி.பி. 20 வரை ஏறுவது சகஜம், அதனால் ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆரம்பிக்கவே மாட்டார்கள். குமட்டலுக்கு முன்கூட்டியே ஊசி போடுவதுண்டு. கண்ணை மூடும் பட்டை அவசியம். விழி தானாக ஆடும்போது கண் திறந்திருந்தால் குமட்டல் கூடும்.

சைக்காலஜிஸ்ட் அங்கே என்ன பேசலாம் என்பது முன்னமே ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளரின் வாக்கியம், 'நான் பக்கத்துல இருக்கேன்' என்ற ஒன்று, 'மருந்து இறங்கிட்டு வருது' என்ற ஒன்று. இவ்வளவே. கீழே இருவர் கையெழுத்தும் இருக்கும். புதிதாக எந்தக் கருத்தையும் விதைப்பதில்லை. 'உன் அப்பாவை மன்னித்துவிடு', 'குடியை இன்றோடு விட்டுவிட்டாய்' என்று அந்த நேரத்தில் சொன்னால் அது நோயாளியின் முடிவாக இருக்காது, பேசியவரின் முடிவாக இருக்கும். தொடுவதற்கும் எழுத்துச் சம்மதம் கேட்கிறார்கள்: கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, எதுவும் வேண்டாமா. மருந்து ஏறிய பிறகு அந்தப் பட்டியலில் எதையும் கூட்ட முடியாது, குறைக்க மட்டும் முடியும். வெளிநாட்டு எம்.டி.எம்.ஏ. ஆய்வு ஒன்றில் சிகிச்சையாளர்களே எல்லை மீறியது வெளியே வந்திருக்கிறது. இந்த விதி சின்ன விஷயம் இல்லை. பெண்கள் வந்தால் குடும்பத்தில் ஒருவர் அறைக்குள்ளேயே இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போக ஆள் வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. ஆட்டோவில் தனியாக அனுப்பவும் மறுக்கிறார்கள்.

அடுத்த செஷனை 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வைக்கிறார்கள். முதலில் ஹிப்னாசிஸ் இல்லாமல், ஞாபகம் இருப்பதைத் தாளில் எழுதச் சொல்கிறார்கள். அதற்கப்புறம்தான் லேசான ஹிப்னாசிஸ். இந்த வரிசை முக்கியம். ஹிப்னாசிஸில் எழும் காட்சிகள் மருந்தின்போது கண்டவற்றோடு கலந்துவிட்டால், எது எப்போது வந்தது என்று பிரிக்கவே முடியாது. கண்டதற்கு அர்த்தம் சொல்வதில்லை. பாம்பு வந்ததா, செத்துப்போன பாட்டி வந்தாரா, 'அதைப் பாத்தப்ப உடம்புல எங்க தெரிஞ்சுது?' என்று மட்டும் கேட்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் இந்த வாரம் செய்யப்போகிற ஒரு சின்னக் காரியத்துக்கு: காலையில் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே போவது, தம்பிக்கு ஃபோன் போடுவது, அந்த மாதிரி. அதை மனக்கண்ணில் ஒத்திகை பார்க்க வைக்கிறார்கள். மனச்சோர்வு இறங்கியிருக்கும் அந்தச் சில நாளில் பழக்கம் ஒன்று பிடிபட்டால், மருந்து மங்கிய பிறகும் அது நிற்க வாய்ப்பு உண்டு.

இனி குறைகள். மிகப்பெரியது, மேலே சொன்ன 'ஆழ்மன நினைவு மீட்பு' பேக்கேஜ். மூன்று செஷன், சிறு வயதில் புதைந்துபோன நினைவுகளை வெளியே கொண்டுவருவதாக விளம்பரம். ஹிப்னாசிஸில் மீளும் நினைவு உண்மையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் உண்மை என்ற உறுதி மட்டும் கூடிவிடும். இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கேட்டமைன் எடுத்துக்கொண்டிருக்கிற வாரங்களில் இதைச் செய்தால், நடக்காத கொடுமைக்காகச் சொந்தக்காரர் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடும் அபாயம் இருக்கிறது. இவ்வளவு கவனமான இடம் இதை ஏன் விற்கிறது என்று புரியவில்லை. கேட்டமைன் எடுக்கிறவர்களுக்கு இதை விற்பதில்லை என்கிறார்கள், ஆனால் பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, செஷன் குறிப்புகளை மனநல மருத்துவருக்குத் தானாக அனுப்புவதில்லை. கேட்டால்தான் தருகிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் குறிப்பைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் சோர்வில் இருக்கிறவர் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சம்மதம் வாங்கிக்கொண்டு அவர்களே அனுப்ப வேண்டும். வீட்டில் கேட்கக் கொடுக்கும் ஆடியோவும் தனித்தனியாகப் பதிவு செய்ததல்ல, பொதுவான ஒன்று. அதில் படிக்கட்டு எண்ணும் பகுதி வேறு இருக்கிறது. தங்கள் முறைக்கே பொருந்தாத அதை வெட்டிவிட்டுத் தரச் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்கள். லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் வீடியோ செஷன் கேட்கலாம்.

கட்டணம்: முதல் செஷன் 2,000 ரூபாய், தொடரும் ஒவ்வொன்றும் 1,200, ட்ரிப்ஸ் நாளில் உடன் வருவதற்கு 3,500. மருத்துவமனைச் செலவு தனி. ஆறு ட்ரிப்ஸுக்கும் உடன் வரச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டுக்குப் போதும், பிறகு உங்களுக்கே வழி பிடிபட்டுவிடும். பேக்கேஜாகக் கட்டாமல் செஷனுக்குச் செஷன் கட்டுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.

மனப்பிறழ்வு நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத பி.பி. உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கேட்டமைனைப் போதைக்காக எடுத்த பழக்கம் உள்ளவர்கள் இந்த வழிக்கு வரக்கூடாது. தொடர்ந்து அதிகம் எடுத்தால் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகிற மருந்து இது. மனச்சோர்வுக்கான இரண்டு வகை மாத்திரைகளைச் சரியான அளவில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் குணம் தெரியாதவர்களுக்கான சிகிச்சை இது, முதல் மாத்திரையே ஆரம்பிக்காதவர்களுக்கு அல்ல. அவர்கள் பழைய சிறைச்சாலை சாலை ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ இலவசமாகத் தொடங்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பெரம்பூர் சேவையின் ஃபோன் இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்கப்படுவதில்லை.